ஜெயசீலி டீச்சரும் பன்னுவின் சிறுநீரகமும்

சிட்லபாக்கத்தில் ஜெயசீலி டீச்சர் எனக்குப் பக்கத்து வீடு. இருபது வருடப் பழக்கம். அதில் கடைசி ஒன்றரை வருடம் பேச்சுவார்த்தை கிடையாது. காரணம் அவருடைய பூனை பன்னு. மொட்டை மாடியில் நான் ஆசை ஆசையாக வைத்திருந்த ரோஜாத் தொட்டிகளை அது கழிப்பறை ஆக்கிக்கொண்டது.

"டீச்சர், உங்க பூனைய கட்டி வைங்க" என்றேன் ஒருநாள்.

"பூனைய யாராவது கட்டி வைப்பாங்களா தட்சிணாமூர்த்தி சார்? நீங்க தொட்டிக்கு வலை போடுங்க" என்றார்.

மின்வாரியத்தில் முப்பது வருடம் குப்பை கொட்டியவன் நான். எனக்கே யோசனை சொல்கிறாரா என்று ரோஷம் வந்துவிட்டது. அன்றோடு சரி.

டீச்சருக்கு எழுபது வயது. தாம்பரத்தில் ஓர் உதவிபெறும் பள்ளியில் முப்பத்து மூன்று வருடம் மூன்றாம் வகுப்பு எடுத்தவர். தம்பி தங்கைகளைக் கரையேற்றி முடிப்பதற்குள் தன் கல்யாண வயது போய்விட்டது என்பதை ஏதோ பஸ்ஸைத் தவறவிட்ட மாதிரி சாதாரணமாகச் சொல்வார். ரிட்டயர் ஆன அன்று பள்ளியில் ஒரு சுவர்க்கடிகாரம் பரிசாகக் கொடுத்தார்கள். அதை அங்கேயே மறந்துவிட்டு, சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் கத்திக்கொண்டிருந்த பூனைக்குட்டியைப் புடவைத் தலைப்பில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார். அதுதான் பன்னு. இப்போது அதற்குப் பன்னிரண்டு வயது.

ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்கள் நாற்பதும் டீச்சர் வீட்டில் மீனோ கறியோ நுழையாது. எங்கள் வீட்டுப் புரட்டாசி மாதிரி, ஆனால் இன்னும் கறார். பன்னுவுக்கும் அதே சட்டம்தான், வெறும் தயிர்சாதம். அது வருடா வருடம் முகத்தைத் திருப்பிக்கொள்ளும், பாதி தின்னும், பாதி வைக்கும். இந்த வருடம் முக்கால்வாசியை வைத்தது. லெந்துக் கோபம் என்று டீச்சர் நினைத்துக்கொண்டார். இளைத்தது, அதுவும் லெந்துதான். தண்ணீர்க் கிண்ணத்தை விட்டு நகரவே மாட்டேன் என்றது, அது வெயில். எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் தயாராக இருந்தது.

ஈஸ்டர் காலையில் ஆராதனை முடிந்து வந்ததும், முந்தின நாள் கோவளத்தில் வாங்கி வைத்திருந்த வஞ்சிரத்தை வேகவைத்து முள் நீக்கித் தட்டில் வைத்தார். பன்னு வந்து மோந்து பார்த்தது. நாக்கால் உதட்டை நக்கியது. அப்புறம் திரும்பித் தண்ணீர்க் கிண்ணத்துக்கே போய்விட்டது.

பத்து நிமிடத்தில் என் கேட்டுக்கு முன்னால் நின்றார் டீச்சர். கோயிலுக்குக் கட்டிப்போன வெள்ளைப் பட்டுப்புடவையைக்கூட மாற்றவில்லை. கையில் காய்கறிக் கூடை, அதற்குள் பன்னு.

"சார், பன்னு மீனு சாப்பிட மாட்டேங்குது. ராஜகீழ்ப்பாக்கம் டாக்டர் வரைக்கும் கார்ல விடறீங்களா?"

ஒன்றரை வருடம் சேர்த்து வைத்த கோபம் என்னிடம் நிறையவே இருந்தது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்த பிறகு எதையும் எடுக்க முடியவில்லை. சாவியை எடுத்தேன்.

டாக்டர் ஜெரூஷாவுக்கு முப்பது வயதுதான் இருக்கும். பன்னுவை எடை போட்டார். நாலு கிலோ இருந்தது இரண்டே முக்காலுக்கு வந்திருந்தது. பிடரித் தோலைப் பிடித்து இழுத்து விட்டார், அது உடனே படியாமல் மடிப்பாகவே நின்றது. உடம்பில் நீர் வற்றினால் அப்படித்தானாம்.

"தண்ணி நெறைய குடிக்குதாம்மா?"

"நல்லா குடிக்கும் டாக்டர்" என்றார் டீச்சர், தன் வகுப்புப் பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோல் பெருமையாக.

"யூரின் எப்படிப் போகுது?"

"அது வெளிய போயிடும். எனக்குத் தெரியாது."

எனக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை.

முன்பெல்லாம் தொட்டி மண்ணில் எலுமிச்சை அளவுக்கு ஓர் ஈரக் கட்டி இருக்கும், வாடை மூக்கைத் துளைக்கும். தீபாவளியிலிருந்து தொட்டியே நனைய ஆரம்பித்தது. வாடையும் இல்லை, யாரோ தண்ணீர் ஊற்றிவிட்டுப் போனதுபோல. நான் பூனையைத் திட்டிக்கொண்டே மண்ணை மாற்றினேன். பேச்சுவார்த்தை இருந்திருந்தால் அன்றைக்கே போய்ச் சண்டை போட்டிருப்பேன். சண்டை போட்டிருந்தாலாவது டீச்சருக்கு விஷயம் தெரிந்திருக்கும்.

ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் பார்த்தார்கள். இரண்டுக்குள் இருக்க வேண்டிய கிரியாட்டினின் நாலு புள்ளி ஆறு. இரண்டு சிறுநீரகமும் சுருங்கியிருந்தன.

"போன கிட்னி திரும்ப வராதும்மா" என்றார் டாக்டர். "கழிவை வடிகட்ட முடியாம வெறும் தண்ணியா வெளிய விடுது. அதான் அவ்ளோ தாகம். மிச்சம் இருக்கறத காப்பாத்தலாம். கிட்னிக்குன்னு தனிச் சாப்பாடு இருக்கு. மீன், கருவாடு, பால் எதுவும் வேணாம். ஒருநாள் விட்டு ஒருநாள் தோலுக்கு அடியில டிரிப்ஸ் ஏத்தணும், வீட்லயே. கொஞ்ச மாசம் முன்னாடி வந்திருந்தா இன்னும் நல்லாருந்திருக்கும்."

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். நானும்தான்.

ஊசி போட வேண்டியது டீச்சர், பன்னுவைப் பிடித்துக்கொள்ள வேண்டியது நான் என்று ஏற்பாடு. சாயங்காலம் ஆறு மணிக்கு ஜன்னல் கம்பியில் டிரிப்ஸ் பாட்டிலைத் தொங்கவிடுவார். முதல் நாள் ஊசி தோலின் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வந்துவிட்டது, என் வேட்டி நனைந்ததுதான் மிச்சம். இரண்டாம் முறை ஊசியைக் கீழே போட்டுவிட்டு அழுதார். மூன்றாம் முறை ஏறியது. பன்னுவின் முதுகில் தண்ணீர் உருண்டை திரண்டு நிற்பதைப் பார்த்து இருவரும் சிரித்துவிட்டோம். பூனை என்றாலே ஆகாத எனக்கு, அந்தச் சூடான எலும்புக்கூடு மடியில் கிடப்பது பிடித்துப்போயிற்று.

ஒன்று மட்டும் தாங்க முடியவில்லை. ஒவ்வொரு முறையும் ஊசிக்கு முன்னால் டீச்சர் அதன் தலையைத் தடவி, "மன்னிச்சுக்கடா கண்ணு" என்பார்.

ஆறு வாரம் கழித்துத் திரும்பப் பரிசோதித்தார்கள். கிரியாட்டினின் மூன்றுக்கு இறங்கியிருந்தது, எடை இருநூறு கிராம் கூடியிருந்தது. டாக்டருக்கு ஒரே சந்தோஷம். டீச்சருக்கு இல்லை. வீட்டுக்கு வந்து பாட்டிலை மாட்டும்போதுதான் சொன்னார்:

"எனக்கு மனசே ஆறல சார். நாப்பது நாள் பட்டினி போட்டுட்டேன். ஆண்டவருக்குன்னு விரதம் இருந்தேன், பக்கத்துல ஒரு ஜீவன் கஷ்டப்படறத பாக்கல."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"டீச்சர், உங்க நாப்பது நாள்ல வந்தது இல்ல இது. தீபாவளியில இருந்தே என் தொட்டியெல்லாம் தண்ணியா நனைஞ்சுது. வாடை இல்ல. பாத்துகிட்டேதான் இருந்தேன். உங்ககிட்ட பேசக் கூடாதுன்னு வீம்பு. சொல்லல."

பாட்டிலை விட்டுவிட்டு, ஊசியோடு என் பக்கம் திரும்பினார்.

"அஞ்சு மாசமா?"

"ஆமா டீச்சர்."

வீட்டுப்பாடம் எழுதாமல் வந்தவனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார். வெளியே போகச் சொல்வார் என்றுதான் நினைத்தேன். சொல்லியிருந்தால் போயிருப்பேன். ஆனால் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, பன்னுவை என் மடியிலிருந்து எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். ஊசியை என் கையில் கொடுத்தார்.

"இன்னைக்கு நீங்க குத்துங்க. நான் புடிச்சுக்கறேன்."

ஊசியைத் தோலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பின்வாங்கினேன். "பயப்படாதீங்க சார், தோலை நல்லா தூக்கிப் புடிங்க" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. ஆனால் அன்றைக்குப் பன்னுவிடம் அவர் மன்னிப்புக் கேட்கவில்லை.