பனிக்குள் ஒரு மண்ணிறச் சால்வை

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு யூலை மாதம், இங்கே கடுங்குளிர் காலம். மெல்பேணிலிருந்து நாலு மணித்தியாலம் கார் ஓடிப் போகும் ஒரு மலைக்காடு. என் கணவர் மரை சுடப் போனார், கடமான் என்பார்களே, அந்தப் பெரிய மான். அவரைத் தனியே விடப் பயந்து நானும் கூடப் போனேன்.

இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். மனுஷன் வன்னியில் வளர்ந்தவர். சின்ன வயதில் சாப்பிட்ட மரை இறைச்சி வற்றலின் ருசியை நாக்கிலேயே வைத்துக்கொண்டு திரிகிறவர். ஸ்பிரிங்வேல் கடைகளில் எந்த இறைச்சி வாங்கிச் சமைத்துக் கொடுத்தாலும், "நல்லாத்தான் இருக்கு, ஆனா அது மாதிரி வராது" என்பார். இந்த நாட்டு மலைகளிலும் மரை நிற்கிறது, அதுவும் அந்தக் காலத்தில் இலங்கையிலிருந்து கப்பலில் கொண்டுவந்து விட்டவற்றின் வம்சம் என்று வேலையிடத்தில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். பிறகென்ன, லைசன்ஸ் எடுத்தார், துவக்கு வாங்கினார், ஆளுக்கொரு செம்மஞ்சள் ஜாக்கெட்டும் வாங்கினார். பனிக்குள்ளும் மனிதர் என்று பளிச்செனத் தெரிவதற்கான நிறம் அது.

விடிந்தும் விடியாத நேரம் போய்ச் சேர்ந்தோம். வெள்ளைத் துணி கட்டியதுபோல எங்கும் பனிமூட்டம். "காரை விட்டு இறங்காதையும். நான் ஓடைப் பக்கம் போட்டு வாறன்" என்று சொல்லிவிட்டு நடந்தார். கொஞ்ச நேரத்தில் அவருடைய ஜாக்கெட்டின் நிறமும் மறைந்துவிட்டது.

காருக்குள் குளிர் எலும்பைக் குடைந்தது. புட்டும் சம்பலும் சாப்பிட்டேன், பிளாஸ்கில் இருந்த தேத்தண்ணீரையும் குடித்து முடித்தேன். அதுதான் வினை. அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை. இறங்கினேன்.

தலையில் பனி பட்டால் எனக்குத் தடிமன் பிடித்து மூக்கு ஓடும். கோயிலுக்குக் கொண்டுபோகும் மண்ணிறக் கம்பளிச் சால்வையை எடுத்துத் தலையோடு சேர்த்து முதுகு முழுக்கப் போர்த்தினேன். செம்மஞ்சள் ஜாக்கெட் அதற்குள் முழுவதுமாக மறைந்து போனது எனக்கு உறைக்கவில்லை. இன்னொன்றும் செய்தேன். சுற்றிவர ஒரு குஞ்சு குருமான் இல்லை, ஆனாலும் வெட்கம் விடவில்லை. காரடியிலேயே இருந்திருக்கலாம். நான் சரிவில் ஏறி, ஆளுயரத்துக்கு வளர்ந்திருந்த பன்னச் செடிகளுக்குள் நன்றாக நுழைந்து குந்தினேன்.

அலுவல் முடிந்து உடுப்பைச் சரி செய்துகொண்டிருக்கும்போதுதான் கவனித்தேன், காட்டில் சத்தமே இல்லை. அதுவரை கத்திக்கொண்டிருந்த குருவிகளும் வாயை மூடிவிட்டன. யாரோ பக்கத்தில் நின்று மூச்சு விடுவதுபோல இருந்தது. நிமிர்ந்து பார்த்தேன்.

எனக்கு மேலே, சரிவில், ஒரு மரை நின்றது. கொம்பில்லாத பெண் மரை. எங்கள் வீட்டு வரவேற்பறையின் நீளம்கூட இருக்காது இடைவெளி. நான் வந்து குந்துவதற்கு முன்பிருந்தே அங்கே நின்றிருக்க வேண்டும். கால்கள் பனிக்குள் மறைந்திருந்ததால் உடம்பு மட்டும் மிதப்பதுபோலத் தெரிந்தது. கறுத்த ஈரக் கண்களால் என்னையே பார்த்தது. பயந்து ஓடவும் இல்லை. நானும் அசையாமல் அப்படியே இருந்தேன்.

பிறகு அதன் காதுகள் திரும்பின. பார்வை என் முகத்தை விட்டு, என் தோளுக்கு மேலாக, எனக்குப் பின்னால் எதையோ பார்த்தது. முன்னங்காலால் நிலத்தில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டியது. பின்னால் என்ன நிற்கிறது என்று திரும்பிப் பார்க்கத் துணிவு வரவில்லை. அப்போதுதான் அது கத்தியது. லொறி ஹோர்ன் காதுக்குள் அடித்ததுபோல ஒரு சத்தம். மலை முழுக்க எதிரொலித்தது. நான் அலறிக்கொண்டு திரும்பினேன்.

கீழே, பனிக்குள், என் கணவர் ஒரு முழங்காலில் இருந்தார். துவக்கின் வாய் நேரே என் நெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஐயோ... நீரா?" அவருடைய குரலே இல்லை அது. துவக்கை மெல்லத் தாழ்த்தினார். குண்டைக் கழற்றி நிலத்தில் போட்டார்.

பனி கூடியதால் வேறு பாதையால் காருக்குத் திரும்பியிருக்கிறார், கார் பக்கத்தில்தான் நிற்கிறது என்று தெரியவில்லை. பன்னச் செடிகளுக்குள் மண்ணிறமாக ஒரு முதுகு அசைவது தெரிந்திருக்கிறது. "விசையில விரல் வைச்சிட்டன். அந்தச் சத்தம் மேலயிருந்து வந்தது. அப்ப முன்னால அசையிற இது என்ன எண்டு ஒரு கணம் நிண்டிட்டன்..." ஈர நிலத்தில் இருந்துகொண்டு குழந்தைபோல அழுதார். நானும் அழுதேன். திரும்பிப் பார்த்தபோது மரை நின்ற இடத்தில் வெறும் பனிதான். குளம்புத் தடத்தில் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது.

அதற்குப்பிறகு அவர் துவக்கைத் தொடவில்லை. விற்றுவிட்டார். மரை வற்றல் பேச்சும் நின்றுவிட்டது. அந்தச் சால்வை மட்டும் அலுமாரியில் இருக்கிறது, போர்க்கவும் மனமில்லை, எறியவும் மனமில்லை.

அந்தப் பனிக்குள் அவரும் அந்த மரையும் என்னை மரை என்றுதான் நினைத்திருக்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது. என்னோடு இருபது வருடம் வாழ்ந்தவர் சுடக் குறி வைத்தார், என்னை முன்பின் கண்டிராத அது, தன் இனத்தில் ஒன்று என்று நம்பி, "ஓடு" என்று கத்தியது. அந்தச் சத்தத்தால்தான் நான் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறேன்.