கனகரின் மாமரத்துக்கு மேலால் ஒரு வயர்

வீடு வீடா இன்டர்நெட் வயர் இழுக்கிறவனுக்கு எங்கட ஊரில ரெண்டே ரெண்டு வரவேற்புத்தான்: ஒண்டு நாய், மற்றது "இப்பதான் வழி தெரிஞ்சதோ?" எண்ட கேள்வி. பழைய செம்பு லைனைக் கழற்றிப்போட்டு பைபர் குடுக்கிற வேலை எனக்கும் நிஸ்தார் நானாவுக்கும். நானா கிண்ணியாக்காரர், என்னை விட மூத்தவர். ஓட்டோ அவற்றது. ஏணியும் அவற்ற பொறுப்பு. ஏறுறது மட்டும் நான்.

செம்பு லைனில கிடந்து நீங்களும் சீரழிஞ்சிருப்பீங்கள், நான் சொல்லத் தேவையில்லை. மழை பெஞ்சால் இரையும். உப்புக் காத்து வயர் பொருத்தின இடத்தையெல்லாம் திண்டு போடும். ஆனால் செம்பிட்ட ஒரு நல்ல குணம், மடக்கினாலும் முறுக்கினாலும் கோவிக்காது. பைபர் அப்பிடியில்லை. உள்ளுக்க தலைமயிர் மொத்தத்தில ஒரு கண்ணாடி நூல், அதுக்குள்ளால வெளிச்சம் ஓடுது. புது மாப்பிள்ளை மாதிரி அது, கொஞ்சம் மடங்கினாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். இந்த ரெண்டுக்கும் நடுவில நாங்கள் பட்ட பாட்டில ஒரு கிழமையை மட்டும் சொல்லுறன், கேளுங்கோ.

அரை வாய்

உவர்மலை அடிவாரத்தில, துறைமுகத்தைப் பார்த்தபடி ஒரு சின்ன வீடு. வள்ள எஞ்சின் திருத்துற சிவம் அண்ணையும் அவற்ற மனிசி மல்லிகா அக்காவும் இருக்கினம். மல்லிகா அக்காவுக்குப் பிறவியிலயே காது கேளாது. கதைக்கிறது முழுக்கக் கையால. ஒரே மகள் துளசி லண்டனில. அவளுக்குக் காது கேக்கும், ஆனால் வாய்க்கதைக்கு முதல் தாயின்ர கைக்கதையைத்தான் பழகினவள். ரெண்டு பேரும் வீடியோவில கதைப்பினம். எங்களுக்குப் படம் நிண்டாலும் குரல் வரும், சமாளிச்சுப் போடலாம். அவவுக்குப் படம் நிண்டால் மகளின்ர கை அந்தரத்தில நிக்கும், சொல்ல வந்தது பாதியில போயிடும். செம்பு லைனில அதுதான் ஒவ்வொரு நாளும் நடந்தது.

வெள்ளிக்கிழமை துளசிக்கு ஒப்பரேசன் செய்து பிள்ளை எடுக்கப் போகினமாம். முதல் பிள்ளை. பெட்டை பயந்துபோய் இருக்கிறாள். தியேட்டருக்குள்ள கொண்டுபோக முதல் அம்மாவோட கதைக்கோணும் எண்டு ஒற்றைக்காலில நிக்கிறாளாம். அதுக்குள்ள பைபர் வரோணும். மலை மறைக்கிறபடியால் அந்த வீட்டுக்குள்ள கைப்போனுக்குச் சிக்னல் இல்லை. நான் பெரிய புத்திசாலி மாதிரி, "மேல சந்திக்கு ஏறினால் வடிவா எடுக்குமே அண்ணை, அங்க நிண்டு கதைக்கலாம்தானே?" எண்டு கேட்டன். சிவம் அண்ணை ஒரு கையைப் போன் பிடிக்கிற மாதிரி வைச்சுக்கொண்டு மற்றக் கையை மட்டும் ஆட்டிக் காட்டினார். "இதுதான் அவவுக்கு மிச்சம், அரை வாய். சரி, போனை நான் பிடிக்கிறன் எண்டு வையும். சந்தியில நாலு சனம் வேடிக்கை பார்க்க, அழுகிற பிள்ளைக்கு ஒரு தாய் என்னத்தைத் தம்பி சொல்லுறது?"

மொட்டையடிச்ச மரம்

ரோட்டுப் போஸ்ட் கம்பத்தில இருந்து சிவம் அண்ணை வீட்டுக்கு வயர் நேர வரவேணுமெண்டால் கனகரின்ர வளவுக்கு மேலாலதான் வரவேணும். கனகர் துறைமுகத்தில கிரேன் ஓட்டி ஓய்வெடுத்தவர். தனியாள். மற்றப் பக்கம் பாறையும் ஆமி முகாம் வேலியும், அந்த வேலிக்குக் கிட்ட ஏணியைச் சாத்த எனக்கென்ன விசரோ?

கனகர் கேற்றைத் திறக்கேல்லை. கேற்றுக்கு மேலால தலையைக் காட்டிக் கேட்டார். நான் விசயத்தைச் சொல்லி முடிக்க முதல் விரலை நீட்டி மாமரத்தைக் காட்டினார். கறுத்தக்கொழும்பான். பூத்துக் குலுங்கின நேரம் பார்த்து முந்தி ஒருக்கா வயர்க்காரர் ஆரோ வந்து, கேளாமல் கொள்ளாமல் கொப்பெல்லாத்தையும் தறிச்சு மொட்டையடிச்சுப் போட்டுப் போனவங்களாம். பிறகு கன காலம் அது காய்க்கவே இல்லையாம். இப்பதான் திரும்பப் பிஞ்சு பிடிச்சிருக்கு. நியாயம் அவற்ற பக்கம்தான், என்னத்தைச் சொல்ல? பக்கத்து வீட்டு அக்காவுக்காக எண்டு இழுத்துப் பார்த்தன். அது இன்னும் மோசமாப் போச்சு. "அவவுக்கோ? இத்தனை வருசம் அயலில இருக்கிறா, ஒரு நாள் என்ர முகத்தைப் பார்த்துச் சிரிச்சிருப்பாவோ? வயருக்கு வழி வேணுமெண்டால் ஆகாயத்தால போகச் சொல்லும்!"

மானுக்கு வந்த கனெக்சன்

கனகர் மறிச்சால் என்ன, தெரு ஒழுங்கையைச் சுத்திக்கொண்டு போவம் எண்டு முடிவெடுத்தம். தூரம் கூட. அதுக்கெண்டு ஒரு பெரிய வயர் உருளையை ஸ்டோரில கெஞ்சி மன்றாடி வாங்கி ஓட்டோவில வைச்சிருந்தம். வியாழக்கிழமை கடற்கரைப் பக்கம் ஒரு கெஸ்ட் ஹவுசில வேலை. ஓட்டோவில இருந்து சாமானை இறக்கி ரோட்டோரம் வைச்சுப்போட்டு, வெயில் தாங்கேலாமல் ஒரு பிளேன்டீ குடிக்கப் போனம். எங்கட ஊர் மான்களைத் தெரியும்தானே, கோட்டைக்குள்ள இருக்கிறதை விட ரோட்டிலதான் கூட. ஒரு கொம்பன் மான் வாழைப்பழத் தோல் தேடி வந்து உருளைக்குள்ள தலையை விட்டுது. கொம்பில மாட்டிக்கொண்டு எடுத்துது பார் ஒரு ஓட்டம்!

நிஸ்தார் நானா சாரத்தை மடிச்சுக்கட்டிக்கொண்டு பின்னால ஓட, நான் நானாவுக்குப் பின்னால ஓட, வயர் கழண்டு கழண்டு தெரு முழுக்க நீண்டுது. மான் ஒரு காயமும் இல்லாமல் தப்பினது. வயருக்கு மேலால ஒரு பஸ் ஏறிட்டுது, உள்ளுக்க கண்ணாடி நொறுங்கினால் அதைக் கொடியாக் கட்டி உடுப்புக் காயப்போட மட்டும்தான் ஏலும். ஸ்டோரில அடுத்த கிழமைதான் வேற உருளை. கையில மிஞ்சின துண்டு, கனகரின்ர மரத்துக்கு மேலால நேர போனால் மட்டும் மட்டுமட்டாக் காணும். எனக்குக் கண்ணுக்குள்ள துளசி. தலையில கையை வைச்சுக்கொண்டு இருந்திட்டன். கெஸ்ட் ஹவுஸ்காரம்மாவுக்கு அது ஒண்டும் தெரியாது, வாசலில நிண்டு எல்லாத்தையும் பார்த்திட்டுக் கேட்டா: "தம்பி, மானுக்கு கனெக்சன் குடுத்திட்டீங்கள், எங்களுக்கு எப்ப?"

தூக்கு, இறக்கு

வெள்ளி விடிய சிவம் அண்ணை வீட்டுக்குப் போய் உள்ளதைச் சொன்னன். அவர் மனிசிக்குக் கையால சொன்னார். மல்லிகா அக்கா எழும்பிச் செருப்பைக் கொளுவிக்கொண்டு நடந்தா. நேர கனகரின்ர கேற்றடிக்கு. நாங்கள் பின்னால ஓடினம். ஐயோ, இனி என்ன கூத்தோ?

கனகர் வெளியில வந்தார். வழக்கம்போல அவவுக்குச் சத்தம்போட்டுக் கதைக்கத் தொடங்கினார். அக்கா கையை உயர்த்தி நிப்பாட்டச் சொன்னா. பிறகு மரத்தைக் காட்டினா. அதுக்கு மேல உயரத்தில ஒரு கோடு கீறினா. ஒரு பிஞ்சைத் தொடுற மாதிரி விரலைக் கொண்டுபோய்த் தொடாமல் எடுத்தா. பிறகு தன்ர வயித்தைக் காட்டினா, தூரத்தைக் காட்டினா, வயித்தில கத்தி கீறுற மாதிரிக் காட்டினா, ரெண்டு கையையும் நெஞ்சுக்கு முன்னால வைச்சுக்கொண்டு நிண்டா. கனகர் கண்ணிமைக்காமல் அவவின்ர கையையே பார்த்துக்கொண்டு நிண்டார். சிவம் அண்ணை விளக்கம் சொல்ல வாயெடுக்க, கனகர் வேண்டாமெண்டு மறிச்சுப்போட்டுக் கேற்றைத் திறந்தார். அதுக்குப் பிறகு நான் ஏணியில, அவர் மரத்தடியில. தூக்கு, இறக்கு, கொஞ்சம் இடப்பக்கம், நிப்பாட்டு எண்டு எல்லாம் கையாலதான். ஒரு இலையும் விழேல்லை. "உங்களுக்கு அக்கா சொன்னது எப்பிடி ஐயா உடன விளங்கினது?" எண்டு கேட்டன். அவருக்குக் கோவமே வந்திட்டுது. "நான் கிரேன்காரன் ஐசே! கீழ நிக்கிறவன் கையால சொல்லுறதைப் பார்த்துத்தான் சீவியம் முழுக்கச் சாமான் தூக்கினனான். காது கேளாதெண்டு தெரியும், அவ கையால கதைக்கிறா எண்டு ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை, நான் அவவைப் பெருமைக்காரியெண்டெல்லோ நினைச்சிருந்தன்!"

சிவம் அண்ணையின்ர வைத்தியம்

சுவரில ரவுட்டர் பெட்டியைப் பூட்டி, பச்சை லைட் எரிஞ்சு, எல்லாம் சரி. நானா ஜும்ஆத் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போயிட்டார். ஓட்டோவும் அவரோட, ஓட்டோவுக்குள்ள கண்ணாடி நூலை ஒட்டுற மெஷினும். நான் கை கழுவக் கிணத்தடிக்குப் போய் வந்து பார்க்கிறன், சிவப்பு லைட்! சுவரோரம் வயர் கொஞ்சம் தொங்கிக்கொண்டு கிடந்ததாம், வாற ஆக்களுக்குக் காலில தடக்குமாம். எஞ்சின் திருத்துற கை சும்மா இருக்குமோ? குறட்டால நறுக்கி, அளவாக் குறைச்சு, ரெண்டு முனையையும் முறுக்கி, கறுப்பு டேப் சுத்தி வைச்சிருக்கிறார். செம்பு லைனுக்கு அப்பிடித்தானே காலம் காலமாச் செய்தவர். எனக்கு வந்த விசருக்கு அளவில்லை. ஏசலாம் எண்டு திரும்பினால், மனுசன் டேப் உருளையைக் கையில வைச்சுக்கொண்டு அழாக்குறையா நிக்கிறார். மல்லிகா அக்கா சிவப்பு லைட்டைப் பார்த்தா, புருசனைப் பார்த்தா, என்னைப் பார்த்தா. அந்தப் பார்வையைத்தான் என்னால தாங்கேலாமல் போச்சு.

அங்க துளசியைத் தியேட்டருக்கு ஆயத்தப்படுத்துற நேரம் நெருங்குது. மேல சந்திக்கு ஓடிப்போய் நானாவுக்கு எடுத்தன், பள்ளிக்குள்ள போன் நிப்பாட்டிக் கிடக்கு, மெசேஜைப் போட்டிட்டு ஓடிவந்தன். நான் வாசலில நிண்டு ரோட்டைப் பார்த்தன், கனகர் மதிலுக்கு மேலால என்னைப் பார்த்தார். தொழுகை முடிஞ்சதும் நானா போனைத் திறந்து பார்த்திருக்கிறார், ஒருத்தரோடயும் நிண்டு கதைக்காமல், தொப்பியும் தலையுமாப் பறந்துகொண்டு வந்தார். நிலத்தில குந்தியிருந்து, முனை ரெண்டையும் சுத்தமா வெட்டி, மெஷினில வைச்சு ஒட்டினார். ஒரு சொட்டு வேர்வை மூக்கு நுனியில தொங்குது, துடைக்கேல்லை. பச்சை வந்த பிறகுதான் நிமிர்ந்து சிவம் அண்ணையைப் பார்த்தார். "இன்டைக்கு எல்லாருக்கும் துஆ கேட்டனான் அண்ணை, உங்கட டேப்புக்குத்தான் கேக்க மறந்திட்டன்."

பச்சை லைட்

துளசி திரையில வந்தாள். ஆஸ்பத்திரி உடுப்போட, கண் வீங்கி. கையெல்லாம் அப்பிடியே தெளிவாத் தெரிஞ்சுது, விரல் நகம் வரைக்கும். மல்லிகா அக்கா ஆறுதல் சொல்லுவா எண்டு நான் பார்த்துக்கொண்டிருக்க, அவவின்ர கை படபடவெண்டு பறந்துது, முகம் கடுகடுத்துது. "என்ன சொல்லுறா?" எண்டு சிவம் அண்ணையிட்டக் கேட்டன். தலைவாரி இழுக்காமல் ஆரடி ஆஸ்பத்திரிக்கு வாறது எண்டு ஏசுறாவாம்! துளசிக்கு அழுகையோட சிரிப்பு வந்திட்டுது. பிறகு ரெண்டு பேற்ற கையும் மெல்ல மெல்லக் கதைச்சுது. அதை நான் கேக்கேல்லை, கேக்கவும் கூடாது. சிரிச்ச முகத்தோடதான் பெட்டை உள்ளுக்குப் போனாள்.

எங்களைச் சோறு தின்னாமல் போக விடேல்லை. சூரை மீன் குழம்பு. எனக்கு ஒரு வாய் இறங்கேல்லை எண்டதுதான் உண்மை. கனகரும் வந்து வாசல் கதிரையில இருந்தார். கன நேரத்துக்குப் பிறகு திரும்ப அழைப்பு வந்துது. மருமகன், கையில துணி சுத்தின சின்னப் பொட்டலம். பொம்பிளைப் பிள்ளை, தாயும் சுகம். மல்லிகா அக்கா கையைத் தூக்கினா. தூக்கின கை தூக்கினபடி நிண்டுது. திரையிலயும் ஒரு அசைவைக் காணேல்லை. திரும்ப லைன் போச்சு எண்டு நான் பாய்ஞ்சு போய்ப் பெட்டியைப் பார்த்தன். பச்சைதான் எரியுது. அங்க குழந்தை கொட்டாவி விடுது. சிவம் அண்ணை என்ர முதுகில கையை வைச்சார். "லைன் நல்லா இருக்குத் தம்பி. அவவுக்குத்தான் வாயடைச்சுப் போச்சு."

கம்பெனி விளம்பரத்தில ஒளியின்ர வேகம் எண்டு பெரிசாப் போட்டிருக்கினம், ஆனால் எங்கட ஊரில இன்டர்நெட் வாறது பக்கத்து வீட்டுக்காரர் ஓம் எண்டு சொல்லுற வேகத்திலதான்.