மீசைக்காரன் வெட்டிய வாய்க்கால்

கல்முனைக் கடைத்தெருவில் மக்கீன் திறந்த மூன்றாவது கடை அது. கருவாடும் கைக்கடிகாரமும் கைவிட்ட பிறகு, தொண்ணூற்றைந்தில், சவூதியில் வேலை செய்த தம்மாமிலிருந்து கொண்டுவந்த டீவியையும் வீடியோ கேம் பெட்டியையும் மேசையில் வைத்துத் திரைச்சீலை கட்டினார். இதுவும் படுத்தால் திரும்பவும் வெளிநாடுதான் என்று மனைவி ஸுல்பிகா சொல்லியிருந்தார். அந்தப் பாலைவனத்துக்கு மட்டும் திரும்புவதில்லை என்று மக்கீன் முடிவுகட்டியிருந்தார்.

பொடியன்கள் குவிந்தார்கள். ஒரே ஆட்டம்தான் கேட்டார்கள்: ஒரு மீசைக்காரனும் ஒரு சிவப்புச் சட்டைக்காரனும் உதைத்துக்கொள்வது. பிள்ளைகள் அடிதடி பழகுகிறார்கள் என்று முறைப்பாடு பள்ளிவாசலுக்குப் போனது. பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருக்கும் மரைக்காயர் முகம்மது தம்பி விசாரிக்க வந்தார். ஊரின் அடிதடி வழக்குகளைத் தீர்ப்பவர் அவர். யார் அடித்தது என்று கேட்குமுன் ஏன் அடித்தது என்று கேட்பது அவர் வழக்கம். கேம் பெட்டியையும் அப்படியே விசாரித்தார்.

“இவனுகள் ரெண்டு பேரும் என்னத்துக்கு அடிபடுறானுகள்?”

மக்கீனுக்குத் தெரியாது. தொடக்கத்தில் ஏதோ எழுத்து ஓடும். அது ஜப்பான் எழுத்து.

“காரணமில்லாத அடிய ஊருக்குள்ள உட ஏலா, மக்கீன். கடையச் சாத்திப்போடு.”

பாலைவனம் கண்முன் விரிந்தது. “காரணம் இரிக்கி மரைக்கார்” என்றார் மக்கீன். சொன்ன பிறகுதான் யோசித்தார். மீசைக்காரன் வரம்பை வெட்டி, வாய்க்கால் தண்ணீரைத் தன் வயலுக்குத் திருப்பிவிட்டானாம். சிவப்புச் சட்டைக்காரனின் நெல், கதிர் வெளிவருமுன் குடலைப் பருவத்திலேயே காய்ந்துபோனதாம். நியாயம் கேட்கப் போன அவன் வாப்பாவையும் தள்ளிவிட்டானாம்.

மரைக்காயரின் முகம் மாறியது. நியாயமான சண்டைதான் என்று சொல்லி, ஆட்டத்தை ஓட்டும் பிடியைத் தரச் சொன்னார். முதலில் பொத்தானைத் தடவினார், பிறகு குத்தினார். மீசைக்காரன் விழுந்தபோது அவர் வாயிலிருந்து ஒரு பெயர் வந்தது. மாவடிப்பள்ளியில் அவருடைய வயலுக்கு முன்னால் வாய்க்கால் தண்ணீரைப் பெறும் மேல்வயல்காரரின் பெயர். வெள்ளிக்கிழமைதோறும் இவருக்குப் பக்கத்திலேயே தொழுகிற மனுசர். தொப்பி சரிந்தது. ஆட்டம் முடிந்து திரை வெறிச்சோடிய பிறகும் மரைக்காயர் குத்திக்கொண்டிருந்தார்.

பிறகு பிடியை மேசையில் வைத்துவிட்டுத் தொப்பியைச் சரிசெய்தார்.

“கடையத் திற மக்கீன். ஆனா கதை மட்டும் சொல்லப்படா.”

மக்கீனுக்குத் தலை சுற்றியது. காலையில் கதை இல்லாததால் கடை போகவிருந்தது. பகலில் கதை இருப்பதால் போகப் பார்க்கிறது. இதற்குள் வாய்க்கால் சங்கதி தெருவெல்லாம் பரவிவிட்டது. பொடியன்கள் பிடியைத் தொடாமல் அந்த வழக்கைச் சொல்லச் சொல்லி நச்சரித்தார்கள். வாயைத் திறந்தால் மரைக்காயர் சாத்துவார், திறக்காவிட்டால் இவர்கள் வரமாட்டார்கள்.

மறுகிழமை மரைக்காயரே வந்தார். திரைச்சீலையை இழுத்துவிட்டு, மெதுவாகக் கேட்டார்.

“கடைசில அந்தச் சிவப்புச் சட்டைக்காரனுக்குத் தண்ணி கிடைச்சிதா?”

விசாரணையா, ஆசையா? “நீங்களே அடிச்சிப் பாருங்க மரைக்கார்” என்று மக்கீன் பிடியை நீட்டினார்.