படுக்கை விரிப்பதில் முதல் பரிசு

அவளுக்குக் காத்தாடி என்று பெயர் வைத்தது ஹோட்டலின் சலவை அறை. நான்கு அக்காக்களுக்குப் பின் பிறந்தவள். சட்டை, செருப்பு, திட்டு எல்லாமே அவளிடம் பழசாகித்தான் வந்து சேரும். பத்தொன்பது வயதில் அறை சுத்தம் செய்யும் வேலைக்கு வந்தாள். அந்த வருஷமே, ஊழியர்களுக்கான படுக்கை விரிக்கும் போட்டியில் முதல் பரிசு. வாழ்க்கையில் அவள் கைக்குப் புதிதாக வந்த முதல் பொருள் அந்தப் பரிசுக் கோப்பைதான்.

அவள் விரிப்பை உதறினால், இறங்க மனமில்லாமல் அது கொஞ்சநேரம் மேலேயே நிற்கும். அதன் கீழே வெளிச்சம் பாலாகிவிடும். அது இறங்குவதற்குள் கால்மாட்டுக்குப் போயிருப்பாள். மற்றவர்களுக்கு அது வேலை. அவளுக்கு மேகத்தைப் பிடித்துக் கட்டிப்போடுகிற மாதிரி. போட்டி மட்டும் வந்திராவிட்டால், தன் கைக்குள் இப்படி ஒருத்தி குடியிருப்பது அவளுக்கே தெரிந்திருக்காது.

மறுநாள் மேலாளர் நோட்டீஸ் ஒட்டினார். ஜெயித்தவரின் நேரமே இனி எல்லாருக்கும் நேரம்: படுக்கைக்கு மூன்று நிமிடம். முடியாதவர்கள் வீட்டிலேயே ஓய்வெடுக்கலாம். நிர்வாகம் படித்தவர் அல்லவா, கனிவாகத்தான் எழுதியிருந்தார்.

அதே மாடியில் வேலை பார்த்த குண்டக்கா மதியச் சாப்பாட்டை நின்றபடியே முடிக்க ஆரம்பித்தாள். முட்டி வீங்கியது.

"வாம்மா மகராசி. நீ ஜெயிச்ச, எனக்கு மூச்சு வாங்குது."

"நான் என்னக்கா பண்ணுவேன்? ஓடச் சொன்னாங்க, ஓடினேன்."

"ஓடு, யாரு வேணாம்னா? எங்க முதுகு மேல ஓடுறியே, செருப்பையாவது கழட்டிக்க."

எல்லாரும் சிரித்தார்கள். காத்தாடியும் சிரித்தாள். ஆனால் அதன் பிறகு அவள் உள்ளே நுழைந்தால் பேச்சு ஒரு படி இறங்கியது.

அடுத்த வருஷப் போட்டி வந்தது. "இந்தத் தடவை ரெண்டரைக்குக் கொண்டுவந்துடும்மா, உன்னால முடியும்" என்றார் மேலாளர்.

முடியும். சங்கடமே அதுதான். விரல்கள் ஒரு வாரமாகத் துறுதுறுத்தன. தோற்க மனசு வரவில்லை. ஜெயித்தாலோ, குண்டக்காவுக்கு நிரந்தர ஓய்வு.

கூடத்தில் கட்டில்கள் வரிசையாக நின்றன. விசில் ஊதியதும் காத்தாடி உதறினாள். விரிப்பு என்றைக்கும் போகாத உயரத்துக்குப் போனது. அவள் அண்ணாந்து பார்த்துக்கொண்டே மெத்தையில் உட்கார்ந்தாள். சாய்ந்தாள். வெள்ளை முழுவதும் மெல்ல அவள் மேல் வந்து இறங்கியது.

"என்னம்மா பண்ற?" மேலாளர் கையில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

"மெத்தை எப்படி இருக்குன்னு பாக்கறேன் சார்." குரல் விரிப்புக்குள்ளிருந்து வந்தது. "வர்றவங்க இதுல தூங்கணுமே."

பக்கத்துக் கட்டிலில் குண்டக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அது அடுத்த கட்டிலுக்குத் தாவியது. தலையணை உறையைத் தலைகீழாக மாட்டினார்கள், கழற்றினார்கள், மறுபடி மாட்டினார்கள். கடைசியில் ஜெயித்த பெண்ணுக்கு ஆறு நிமிடம் ஆனது. விதியை எழுதியவரே மீற முடியுமா? மேலாளர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, புது நோட்டீஸ் எழுதப் போனார்.

குண்டக்கா நிதானமாக வந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். முட்டியை நீவிக்கொண்டே விரிப்பின் ஓரத்தைத் தூக்கினாள். காத்தாடி கண்ணை மூடியிருந்தாள். விரல்கள் மட்டும் வேகமாக எதையோ மடித்துச் செருகிக்கொண்டிருந்தன.

"ஏண்டி, தூங்கிட்டியா?"

"பேசாதக்கா. இப்பதான் எல்லாரையும் முந்திக்கிட்டிருக்கேன்."