தெளிவாக இல்லாத புலப்படம்

பூண்டியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் மகாதேவி, வீரம்மாளின் மனுவை மூன்றாவது முறையாகத் திறந்தபோது மணி மூன்றரை. ஐந்து மணிக்குள் மெயில் போய்ச் சேராவிட்டால், வீரம்மாளின் பூண்டுக் காட்டில் பாதி ஓடைப் புறம்போக்கு என்று பதிவாகிவிடும். ஓடையோ அவள் காட்டுக்கு வடக்கே தள்ளி ஓடுகிறது. அதற்கு இருந்த ஒரே சாட்சி, மாமனார் காலத்தில் நிலத்தை அளந்து எல்லை குறித்த புலப்படம். இரண்டு முறை அனுப்பியும் கொடைக்கானல் தாலுகா அலுவலகம் ஒரே பதிலைத்தான் தந்தது: “படம் தெளிவாக இல்லை. மனு ஏற்கப்படவில்லை.”

“எனக்கு ஏழரைச் சனி தாயி. பழனிக்கு முடி நேந்திருக்கேன்” என்றாள் வீரம்மாள்.

“சனி வந்து மெயிலு படிக்குதாக்கும்? சும்மா இருங்கத்தே.”

கொடைக்கானலில் ஒரு கையெழுத்துக்காக இரண்டு நாள் வேலையை விட்டுக் காத்துக்கிடக்கும் சனங்களைப் பார்த்துக் கொதித்துத்தான் மகாதேவி இந்தக் கடையைப் போட்டாள். மனு திரும்பி வந்தால் அலுவலகத்தைத் திட்டுவாள். தன் கடையைச் சந்தேகித்ததில்லை.

ஸ்கேனரின் கண்ணாடியைத் துடைத்து, புலப்படத்தை மறுபடி ஸ்கேன் செய்தாள். திரையில் ஒவ்வோர் எண்ணும் பளிச்சென்று இருந்தது. அதே மெயிலைத் தன் இன்னொரு முகவரிக்கு அனுப்பிப் பார்த்தாள். தபால்தலை அளவுக்குச் சுருங்கி வந்தது படம். பெரிதாக்கினால் எண்கள் எறும்பு ஊர்வதுபோலக் கலைந்தன.

அவள் கை நின்றது. அந்த ஊரில் மனு என்றால் படத்தைப் பசை தடவித் தாளிலேயே ஒட்டவேண்டும். தனித்தாளாக வைத்தால் குமாஸ்தா தொலைத்துவிடுவார். அந்தப் பழக்கத்தில் மெயிலிலும் எல்லாப் படங்களையும் கடிதத்துக்குள்ளேயே ஒட்டிவந்தாள். ஒட்டிய படத்தைத்தான் மெயில் சுருக்கிக்கொண்டிருந்தது. படத்தை எடுத்துவிட்டு, தனிக் கோப்பாக இணைத்துத் தனக்கே அனுப்பினாள். முழு அளவில் வந்தது.

அலுவலகத்துக்கு அனுப்பினாள். சிக்னல் வந்து வந்து போனது. நாலே முக்காலுக்குத்தான் மெயில் கிளம்பியது. உடனே போன் போட்டாள்.

“சார், படத்தத் தெறந்து பாருங்க. ஓடை எந்தப் பக்கம் இருக்கு?”

“வடக்கேன்னு போட்டிருக்கும்மா.”

“தெரியுதுல்ல? தெளிவா இருக்குன்னு ஒரு வரி பதில் போடுங்க சார்.”

“மொதல்லயே இப்படி ஃபைலா அனுப்பியிருக்கலாமே.”

“மொதல்லயே இப்படி அனுப்புன்னு நீங்க சொல்லியிருக்கலாமே! ‘தெளிவாக இல்லை’ன்னு ரெண்டு வார்த்த எழுதுற கை, அடுத்த வரிய எழுதினா தேய்ஞ்சா போயிரும்?”

நாலு ஐம்பத்தேழுக்குப் பதில் வந்தது: மனு ஏற்கப்பட்டது. வீரம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “முருகன் கண்ணத் தொறந்துட்டான் தாயி” என்றாள்.

மகாதேவி சென்ற மாதங்களில் தான் அனுப்பிய மெயில்களைப் புரட்டிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றிலும் ஒட்டிய படங்கள். திரும்பி வந்தவை பதினொன்று. முதலாவது பொன்னுச்சாமியுடையது. அவரிடம், “லஞ்சத்துக்கு அலையுறானுக சித்தப்பா, விடுங்க” என்று சொல்லி அனுப்பியவள் அவள்தான். கெடு முடிந்து இரண்டு மாதமாகிறது.

போன் செய்தாள். “சித்தப்பா, ஒங்க மனு திரும்புனதுக்கு அவங்க மட்டும் காரணமில்ல. நான் அனுப்புன விதம் தப்பு.”



“எங்காட்டுல எல்லக்கல்லு நட்டுட்டுப் போய்ட்டாங்களே ஆத்தா” என்றார் அவர்.

“மேல்முறையீடு எழுதுவோம். என் தப்பையும் அதிலயே எழுதுறேன். நாளைக்கு வெள்ளனே வாங்க.”

அடுத்த எண்ணை அழுத்தினாள்.