லாம்ப்ளியின் ஒற்றைச் சொல்

மிஸ்டர் லாம்ப்ளி இங்கிலாந்தில் எங்கள் ஊர் நூலகத்துக்கு இருபத்தாறு வருடம் தலைவராக இருந்தார். அவருடைய கடிதங்களைத் தட்டச்சு செய்தே என் பாதி ஆயுள் போயிற்று. இத்தனை வருடத்தில் அவர் யாரையும் திட்டியதில்லை, யாரையும் பாராட்டியதுமில்லை. நடுவே பதுங்கிக்கொள்ள அவரிடம் ஒரு சொல் இருந்தது: க்வைட் (quite).

எங்கள் இங்கிலீஷில் அது ஒரு வழவழா கொழகொழா சொல். 'க்வைட் குட்' என்பதில் முதல் சொல்லை அழுத்தினால் 'ஏதோ பரவாயில்லை' என்று பொருள். இரண்டாவதை அழுத்தினால் 'நன்றாகவே இருக்கிறது'. வாயால் சொன்னால் தெரிந்துவிடும். தாளில் எழுதினால் படிக்கிறவர் பாடு. பயந்தாங்கொள்ளிக்கு இதைவிட வசதி வேண்டுமா? மனைவி வாங்கிய புது மேல்கோட்டுகூட 'க்வைட்' நன்றாயிருக்கிறது என்றார். அந்த அம்மாள் மறுநாளே கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

நூலகத்தை உண்மையில் நடத்தியது உதவி நூலகர் ஹில்டா ஸ்கெல்டன். லாம்ப்ளி ஜன்னலோரம் டீ குடித்தார். வேறு ஊர்களில் தலைமைப் பதவிக்கு அவள் இரண்டு முறை விண்ணப்பித்தாள். இரண்டு முறையும் இவர் சான்றுக் கடிதத்தில் 'க்வைட் திறமையானவர்' என்று எழுதினார். ஏதோ சமாளிப்பாள் என்று அர்த்தம் பண்ணிக்கொண்டு இரண்டு ஊரும் அவளைக் கழித்துவிட்டன. ஹில்டா லாம்ப்ளியிடமே நேரில் போய்க் கேட்டாள்.

"முழுத் திறமைங்கற அர்த்தத்துலதான் எழுதினேன், மிஸ் ஸ்கெல்டன். அவங்க தப்பாப் படிச்சா நான் என்ன பண்றது?" என்றார்.

அவள் போய்விட்டால் இவரே வேலை செய்ய வேண்டும். விஷயம் அவ்வளவுதான்.

மூன்றாவதாக ஒரு கடற்கரை ஊரில் இடம் காலியானது. நாற்பத்தைந்துக்கு மேல் எடுக்க மாட்டார்கள், ஹில்டாவுக்கு நாற்பத்து நான்கு. "இதுவும் போச்சுன்னா இந்த ஆளுக்கு டீ ஊத்தியே ரிடையர் ஆயிடுவேன்டி" என்றாள் என்னிடம். லாம்ப்ளி மறுபடி அதே வரியைத்தான் எழுதித் தந்தார். அந்தச் சொல்லை விட்டுவிட்டுத் தட்ட என் கை துறுதுறுத்தது. ஆனால் கையெழுத்துப் போடுமுன் இரண்டு தடவை படிக்கிற மனிதர்.

நான்காம் நாள் அந்த ஊர்த் தேர்வுக் குழுவின் தலைவி மிஸஸ் ஓட்வே தொலைபேசியில் வந்தாள். லாம்ப்ளியின் அறைக்கு இணைப்புக் கொடுத்துவிட்டு என் ரிசீவரைக் காதிலேயே வைத்துக்கொண்டேன். தப்புதான், எனக்கு வெட்கமில்லை.

"உங்க கடுதாசி பிடிபடல, சார். நேராவே கேக்குறேன். இவங்க ரொம்பத் திறமைசாலி, தனியா ஒரு நூலகத்தை நடத்துவாங்க. அப்படித்தானே?"

லாம்ப்ளி தொண்டையைச் செருமினார். ஆமாம் என்றால் ஹில்டா போய்விடுவாள். இல்லை என்றால் பச்சைப் பொய். மனிதர் பழக்கதோஷத்தில் தன் பொந்துக்குள் ஓடினார்.

"க்வைட்" என்றார்.

ஒருவர் சொன்னதற்குப் பதிலாக இந்தச் சொல்லை மட்டும் தனியே சொன்னால், எங்கள் நாட்டில் அதற்கு ஒரே பொருள்தான்: நீங்கள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. வீடு வீடாகப் பால் போடுகிறவனுக்கும் இது தெரியும். "ரொம்ப நன்றி, அது போதும்" என்று மிஸஸ் ஓட்வே வைத்துவிட்டாள். லாம்ப்ளி செத்துப்போன ரிசீவரிடம் "அதாவது... அதாவது..." என்று திணறிக்கொண்டிருந்தார். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

ஹில்டாவுக்கு வேலை கிடைத்தது. விடைபெறும் தேநீர் விருந்தில் லாம்ப்ளி எழுந்து, மிஸ் ஸ்கெல்டனின் உயர்வுக்குத் தம் பரிந்துரைதான் காரணம் என்று பேசினார். எல்லோரும் கைதட்டினார்கள். நடந்ததை நான் ஹில்டாவிடம் முன்பே சொல்லியிருந்தேன்.

"ஆமா சார், நீங்க வாய் தவறிச் சொன்ன அந்த ஒரு வார்த்தைதான்" என்றாள் அவள், கேக்கை நறுக்கிக்கொண்டே.

திங்கட்கிழமை முதல் நூலகத்தை லாம்ப்ளி நடத்த வேண்டியதாயிற்று. மூன்று வாரம்தான் தாங்கினார்.