மீன் கூடைகள் மேல் விழுந்தவர்

ஆகஸ்ட் 12, செவ்வாய். வழக்கம்போல் ஆறு மணிக்குத் தண்ணீர் பிடித்து, சாப்பாடு கட்டிக்கொண்டு, எண்ணூரில் 7.40 ரயிலின் மகளிர் பெட்டியில் ஏறினேன்.

திருவொற்றியூரில் பள்ளிச் சீருடையில் ஒரு பெண் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரட்டைச் சடை. விரிசல் விட்ட போனில் ஒரு பழைய சண்டைப் படம் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் மூன்று முறை பார்த்த படம்தான். கதாநாயகனிடம் அடி வாங்கி மீன் கூடைகள் மேல் விழும் நீலச் சட்டை அடியாளை மட்டும் நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி பார்த்தாள்.

"அவனையே ஏம்மா பாக்கற?"

"எனக்கு ரொம்பப் புடிச்ச படம் ஆன்ட்டி. ஹீரோ எப்டியும் பொழச்சிப்பான். இந்தாளு வூட்டுக்குப் போய்ச் சேந்தானா இல்லியான்னு காட்டவே மாட்றானுங்க."

"நடிப்புதானேம்மா?"

"அது தெரியாதா? லூசா நானு? புக்லயும் இதே பேஜாருதான். போன வாரம் ஒண்ணு படிச்சேன், சூப்பரா கீது. ஆனா புயல்ல போட் எடுத்துக்கினு போனவன் கரைக்கு வந்தானான்னு சொல்லாமயே எழுதனவரு கதைய முடிச்சிட்டாரு. ரெண்டு நாளு எனக்குச் சோறு எறங்கல."

ராயபுரத்தில் அவள் இறங்கும்போதும் முகம் தெளியவில்லை.

மறுநாள் காலை, தண்ணீர்கூடப் பிடிக்காமல், முதல் வேலையாக அந்தப் படத்தைக் கடைசிவரை ஓட்டிப் பார்த்தேன். முடிவில் வரும் கல்யாணப் பந்தியில், மூன்றாவது இலையில், அதே ஆள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு சாம்பார் சாதம் பிசைந்துகொண்டிருந்தார். 'இரண்டு மணி நேரம், பதினேழாவது நிமிடம்' என்று துண்டுச் சீட்டில் எழுதி, ரயில் பாஸோடு வைத்துக்கொண்டேன்.